நீலப் பொட்டு வைத்த ஆடுகள்

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை. திண்டுக்கல்லுக்குக் கிழக்கே சாணார்பட்டிப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து அய்யலூர் போகிற வண்டிப்பாதையில் நடந்தது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது, இப்போது எண்பத்தெட்டு. அன்று அந்தப் பாதையில் என் கண் முன்னால் போன ஆடுகள் எத்தனை என்று கேட்டால் இன்றும் யோசிக்காமல் சொல்வேன்: நானூற்றுப் பதினெட்டு. அதில் ஒன்று தப்பு. அந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் டைம் கீப்பராக இருந்தவன். சங்கு ஊதியதும் வாசலில் நின்று ஆட்களை எண்ணி உள்ளே விட வேண்டும். மாலையில் எண்ணி வெளியே விட வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவேன். என் மனைவி பொறுமைசாலி. இட்லித் தட்டை என் முன்னால் வைக்கும்போதே எண்ணிக்கையையும் சொல்லிவிடுவாள்.

சண்டைக்குப் பிறகு ஊருக்கு ஊர் ஊர்க்காவல் தொண்டர் படை ஏற்படுத்தினார்கள். எங்கள் பகுதிப் படையில் இருபத்திரண்டு பேர். மில் தொழிலாளிகள், பூட்டுப் பட்டறைக்காரர், முடி திருத்துபவர், வெற்றிலைக் கடைக்காரர், இரண்டு ஆசிரியர்கள் என்று பல தரத்து ஆட்கள். அரசாங்கக் கடிதங்களுக்கு ஒழுங்காகப் பதில் எழுதுவேன் என்பதற்காக என்னைத் தலைவனாக்கினார்கள். எனக்கு அடுத்தபடியாக இருந்தவர் தோல் வியாபாரம் செய்த ஒரு பாய். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஊரிலுள்ள ஆடு, மாடு, மனிதர் மூன்று வகையையும் நன்றாக அறிந்தவர். எங்களுக்குக் காக்கி உடை இருபத்திரண்டு வந்தது, தொப்பி பத்தொன்பதுதான் வந்தது. மூன்று பேர் கடைசிவரை தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் அணிவகுத்தார்கள்.

படையை ஒரு வருஷத்துக்குப் பரீட்சையாகத்தான் அனுமதித்திருந்தார்கள். ராணுவம் ஓர் ஒத்திகை நடத்தும், அதில் தேறினால் படை நீடிக்கும், இல்லாவிட்டால் கலைத்துவிடுவோம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். பதினோரு மாதமாக மற்ற இருபத்தொரு பேரும் வேலை முடிந்த களைப்போடு மைதானத்துக்கு வந்து பழகியிருந்தார்கள். முடி திருத்துபவர் வாரத்தில் இரண்டு நாள் அரைநாள் கடையை அடைத்துவிட்டு வந்தார். படை கலைந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒத்திகைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தாழ்ப்பாளை நான்காவது முறையும் இழுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒத்திகையின் ஏற்பாடு இதுதான். மலையில் கலகக்காரர்கள் ஒன்பது பேர் பதுங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது பேரும் ராணுவச் சிப்பாய்கள். அவர்கள் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து, புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள், அய்யலூருக்கு முன்னால் உள்ள ரயில் பாலத்தடியில் வைத்துவிட்டால் அவர்களுக்கு வெற்றி. அதைத் தடுக்க வேண்டியவர்கள் மூன்று தரப்பு: வனத்துறை கார்டும் அவருடைய நான்கு வாட்சர்களும், ஓர் ஏட்டின் தலைமையில் எட்டு ரிசர்வ் போலீஸார், அப்புறம் நாங்கள்.

திங்கட்கிழமை சாணார்பட்டியில் பயணியர் விடுதியில் கூட்டம் போட்டார் ராணுவ கேப்டன். இரண்டரை மணி நேரம் நடந்தது. அதில் ஒன்றே முக்கால் மணி நேரம், மூன்று தரப்பில் யார் பெரியவர் என்பதிலேயே போனது. மலை எங்களுடையது என்றார் கார்டு. சட்டம் ஒழுங்கு எங்களுடையது என்றார் ஏட்டு. ஆள் பலம் எங்களுடையது என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். கேப்டன் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். கடைசியில் பாதையை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். மலையடிவாரம் கார்டுக்கு. பாதை பிரிகிற நடு இடம் போலீஸுக்கு. கடைசியில் புளியமரத்தடி எங்களுக்கு. ஆபத்து என்றால் போலீஸ் விசில் ஊதும், கார்டு தகரம் தட்டுவார், நாங்கள் கொடி காட்டுவோம். விசில் கேட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே.

அப்போதுதான் பாய் ஒரு விஷயத்தைக் கிளப்பினார். வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச்சந்தை. புதன் முழுக்க இந்தப் பாதையில் ஆட்டு மந்தைகள் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மந்தையையும் மூன்று இடத்தில் நிறுத்திச் சோதித்தால் ஆடு வாடிப்போகும், ஆட்டுக்காரர்கள் நம்மை அடிக்க வருவார்கள் என்றார்.

அதற்கு வழி சொன்னவன் நான்தான். ஒரு மந்தையை ஒரு தரப்பு சோதித்துவிட்டால், முன்னால் போகிற ஆட்டின் நெற்றியில் சலவை நீலத்தில் ஒரு பொட்டு வைத்துவிடலாம். நீலப் பொட்டு இருந்தால் மற்ற இருவரும் நிறுத்த வேண்டியதில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். கேப்டன்கூட என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே புளியமரத்தடியில் நிலைகொண்டோம். வெற்றிலைக் கடைக்காரர் பெரிய பானையில் நீர்மோர் கொண்டுவந்திருந்தார். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு, நேரம், மந்தை, ஆடு என்று மூன்று தலைப்பு எழுதி வைத்துக்கொண்டேன்.

பத்தே கால் மணிக்கு முதல் மந்தை வந்தது. முன்னால் வந்த கிடாயின் நெற்றியில் அழகாக ஒரு நீலப் பொட்டு. எண்ணினேன்: முப்பத்தொன்று. வழிவிட்டோம். அடுத்து இன்னொன்று. அதற்கும் பொட்டு. மத்தியானத்துக்குள் ஏழு மந்தைகள் வந்துவிட்டன. ஒன்றுகூடப் பொட்டில்லாமல் வரவில்லை. போலீஸும் கார்டும் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்வார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அவர்களைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று பாயிடம்கூடச் சொன்னேன். பாய் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு, ஒரு மந்தையில் பொட்டு நெற்றியில் இல்லாமல் மூக்கின்மேல் இருந்ததே என்றார். ஆடு தலையை ஆட்டியிருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன்.

மூன்று மணி வாக்கில் ஓர் அம்மாவின் மந்தை வந்தது. ஐம்பது வயதிருக்கும். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கையில் கோலோடு முன்னால் நடந்தார். பின்னால் அவருடைய கொழுந்தனார். இன்னும் இரண்டு பேர் கூட வந்தார்கள். அதில் ஓர் இளைஞன் நொண்டிக் குட்டி ஒன்றைத் தோளில் போட்டிருந்தான். வெயிலில் வருகிறார்களே என்று மோர் குடிக்கச் சொன்னேன். பானையிலிருந்து நானே மொண்டு கொடுத்தேன். குட்டி தூக்கியவன் மூன்று டம்ளர் குடித்தான். ஆடு எத்தனை என்று கேட்டேன். நாற்பத்தேழு என்றார் அந்த அம்மா. நோட்டில் நாற்பத்தேழு என்று எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மந்தை எதுவும் வரவில்லை. மூன்றே முக்காலுக்கு ஒரு கான்ஸ்டபிள் தண்ணீர் வேண்டுமென்று சைக்கிளில் வந்தார். மோர் கொடுத்துவிட்டு, பெருமையாக என் நோட்டைக் காட்டினேன். பதினொரு மந்தை, நானூற்றுப் பதினெட்டு ஆடு, பதினொன்றுக்கும் நீங்கள் பொட்டு வைத்திருக்கிறீர்கள், நல்ல வேலை என்று பாராட்டினேன்.

அவர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். தாங்கள் சோதித்தது நான்கே மந்தைதான் என்றார். மீதிக்கெல்லாம் மேலே கார்டு பொட்டு வைத்து அனுப்புகிறார் என்று நினைத்தார்களாம்.

உடனே எங்கள் ஆள் ஒருவரை அவருடைய சைக்கிளில் மலையடிவாரத்துக்கு அனுப்பினேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் கார்டையும் வாட்சர்களையும், வழியில் ஏட்டையும் போலீஸாரையும் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். கார்டு சோதித்த மந்தை எத்தனை என்றால், ஒன்றும் இல்லை. காலையில் அவர் மலையடிவாரத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே நான்கு மந்தைகள் போய்விட்டனவாம், அதற்குப் பிறகு வந்தவை பொட்டோடுதான் அவரிடமே வந்தனவாம். போலீஸார் ஊருக்குள்ளேயே போய்ச் சோதித்து அனுப்புகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

ஆக, ஏழு மந்தைகளை யாருமே சோதிக்கவில்லை. ஆனால் ஏழுக்கும் பொட்டு. யார் வைத்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏட்டு மட்டும் வேறு பக்கம் பார்த்தார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

என் நோட்டைத் திரும்பப் பார்த்தேன். நேரம் இருக்கிறது, மந்தை இருக்கிறது, ஆடு இருக்கிறது. மந்தையோடு போன மனிதர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கட்டமே இல்லை. தினம் இரண்டு வேளை மனிதர்களை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன், அன்று நாள் முழுக்க ஆட்டை மட்டும் எண்ணியிருக்கிறேன். மணி நாலரை. பாலத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். எங்கள் ஆட்கள் இருபத்தொரு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாய்தான் என் தோளைத் தட்டினார்.

“தம்பி, பதறாதீக. சந்தைக்குப் போற ஆட்ட வயிறு காஞ்சு யாரும் கொண்டுபோக மாட்டாக. இங்கருந்து ஒன்றரை மைல்ல ஒரு கண்மாய் இருக்கு. அம்புட்டு மந்தையும் இப்ப அங்கதான் தண்ணி குடிச்சிட்டு நிக்கும்.”

அன்று காலை முதல் தனித்தனியாக நின்ற மூன்று படையும் முதன்முறையாகச் சேர்ந்து நடந்தன. நடை என்பதைவிட ஓட்டம் என்பதே சரி. விசில், தகரம், கொடி எல்லாம் புளியமரத்தடியிலேயே கிடந்தன.

பாய் சொன்னபடியே கண்மாய்க்கரை முழுக்க ஆடு. முன்னால் போன நான்கு மந்தைகள் சந்தைக்குப் போய்விட்டன. ஏழு மந்தைகள் தண்ணீர் குடித்துவிட்டு வேலங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தன. இந்த முறை நான் மனிதர்களை எண்ணினேன். இருபத்துமூன்று பேர். ஒரு மந்தைக்கு இரண்டு பேர் போதும் என்றார் பாய். அப்படியானால் பதினான்கு. மீதி ஒன்பது. கணக்கு கச்சிதமாக வந்துவிட்டது. ஆனால் அந்த ஒன்பது பேர் யார் என்பதுதான் தெரியவில்லை. எல்லாரும் ஒரே அழுக்கு வேட்டி, ஒரே தலைப்பாகை, ஒரே புழுதி.

இருபத்துமூன்று பேரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடலாம் என்றார் ஏட்டு. அதற்குள் அந்த நாற்பத்தேழு ஆட்டு அம்மா கோலை நீட்டிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். அவருடைய ஆட்டில் ஒன்றைக் காணோம். அதுவும் இரட்டைக் குட்டி போட்ட தாயாடு. குட்டிகள் இரண்டும் பாலுக்காகக் கத்திக்கொண்டு ஒவ்வொரு ஆட்டின் மடியாக முட்டிப் பார்த்தன, எல்லா ஆடும் உதைத்துத் தள்ளின.

அம்மா, ஆட்டை அப்புறம் பார்க்கலாம், உங்களோடு வந்தவர்களில் வேற்று ஆள் யார் என்று சொல்லுங்கள் என்று நான் பணிவாகத்தான் கேட்டேன்.

“காலையிலருந்து எல்லாரும் ஆட்டு நெத்தியத்தானப்பு பாத்தீக. ஒருத்தராச்சும் மனுச மூஞ்சியப் பாத்தீகளா? இப்ப வந்து ஆள் எங்கேன்னா நா என்னத்தச் சொல்ல?”

எங்கள் படையிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. யார் யார் வேற்று ஆள் என்று தனக்குத் தெரியும் என்றார். ஆனால் அவர்கள் நல்ல பிள்ளைகள், நொண்டிக் குட்டியை மூன்று மைல் சுமந்தவர்கள், சும்மா காட்டிக்கொடுக்க முடியாது என்றார். வழியில் நிறுத்தி மோர் கொடுத்த எங்களால்தான் ஆடு போயிற்று, ஆகவே முதலில் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், பிறகு ஆளைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். அவரைச் சுற்றி நாற்பத்தாறு ஆடுகளும் நின்றுகொண்டன. அப்படியே தாண்டிப் போக ராணுவ டாங்கியால்கூட முடியாது.

மணி ஐந்து. நான் நோட்டைத் திறந்தேன். என் இடத்தைத் தாண்டும்போது நாற்பத்தேழு, இங்கே நாற்பத்தாறு. ஆகவே ஆடு புளியமரத்துக்கும் கண்மாய்க்கும் நடுவில்தான் தவறியிருக்க வேண்டும் என்று சத்தமாக அறிவித்தேன். எழுத்தில் இருப்பதைக் கண்டதும் ஏட்டும் கார்டும்கூட மறுபேச்சுப் பேசவில்லை. எல்லாரும் அந்த ஒன்றரை மைலில் இறங்கினோம். போலீஸார் கள்ளிவேலியைக் குனிந்து பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் சோளக்காட்டில் புகுந்தார்கள். ஆட்டுக்காரர்களும் கூட வந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் எதிரிகள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எவன் எதிரி என்று தெரியாததால் யாரோடும் சண்டை போட முடியவில்லை. “ஏலே, அந்தப் புதருக்குள்ள பாருலே” என்று ஒரு கான்ஸ்டபிள் ஒருவனை விரட்டினார். அவன் ராணுவத்தில் நாயக் என்ற பதவியில் இருப்பவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இருபத்தைந்து நிமிஷம் தேடினோம். ஆட்டின் ரோமம்கூடக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தால் குட்டிகளின் கத்தல் இன்னும் கம்மிப்போயிருந்தது. அந்த அம்மா இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, எதுவும் பேசாமல் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் திட்டியவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டரை மணி நேரமாக அதை அமுக்கி வைத்திருந்தேன். அந்த நாற்பத்தேழை நான் எண்ணவில்லை. அந்த மந்தை என்னைக் கடந்தபோது என் கையில் இருந்தது மோர் அகப்பை. அவர் சொன்ன எண்ணிக்கையை வாங்கி, நானே எண்ணியது போல எழுதிவிட்டேன். நானூற்றுப் பதினெட்டில் அந்த ஒரு வரி மட்டும் என்னுடையது இல்லை. அந்த வரியை நம்பித்தான் ஐம்பது பேருக்கு மேல் முள்ளில் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சொன்னால் படை போய்விடும் என்று நினைத்தேன். தலைவனே பொய்க்கணக்கு எழுதினான் என்று கேப்டன் எழுதிவிடுவார். சொல்லாவிட்டால் குட்டிகள்? எல்லாரும் கேட்க, அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“அம்மா, அந்த நாப்பத்தேழு நான் எண்ணினது இல்ல. நீங்க சொன்னத எழுதிக்கிட்டேன். ஆடு எனக்கு முன்னாலயே தவறியிருந்தாலும் எனக்குத் தெரியாது.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் முடி திருத்துபவர் மட்டும் என் அருகே ஓரடி நகர்ந்து வந்து நின்றது தெரிந்தது.

அப்போது கார்டு தலையைச் சொறிந்தார். மத்தியானம் வனத்து எல்லைக்கல்லுக்கு உள்ளே ஓர் ஆடு தனியாக மேய்ந்ததாம். காட்டுக்குள் மேய்ந்த குற்றத்துக்காக அதைப் பிடித்து ஒரு மரத்தில் கட்டி வைத்திருக்கிறாராம். இந்த ஆடு புளியமரத்துக்கு இந்தப் பக்கம் தவறியது என்று நோட்டில் இருந்ததால், அது வேறு ஆடு என்று நினைத்து வாயைத் திறக்கவில்லையாம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஏட்டு தொண்டையைக் கனைத்தார். நாலு மந்தைக்குப் பொட்டு வைத்ததிலேயே சட்டை, கால்சட்டை எல்லாம் நீலமாகிவிட்டதாம். மனைவியிடம் யார் திட்டு வாங்குவது என்று, மீதி நீலத்தைக் கொட்டாங்கச்சியோடு ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு பெரியவரிடம் கொடுத்து, பின்னால் வருகிறவர்கள் அவர்களே பொட்டு வைத்துக்கொண்டு வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். மேலே கார்டு ஆட்களைப் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம்தான்.

இரண்டு பேருக்கும் முகம் என்னைப் போலவே ஆகிவிட்டது. பாய் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இத்தனைக்கும் நடுவில், ஆட்டுக்காரர்கள் கூட்டத்திலிருந்து உயரமான ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். பழனிப் பக்கத்துப் பேச்சு.

“ஏனுங்க, அந்த ஆட்ட நானும் பாத்தனுங்க. கல்லுக்குப் பக்கத்துல பின்தங்கி மேஞ்சுது. ஓட்டிட்டு வரலாம்னா கார்டு ஐயா நின்னுக்கிட்டிருந்தாருங்க. சத்தம் போட்டா மாட்டிக்குவமேன்னு வந்துட்டனுங்க.”

அவர்தான் எதிரிப் படைத் தலைவர், ஒரு சுபேதார். தகரப் பெட்டியை அந்த அம்மாவின் சோற்று மூட்டையிலிருந்து அவரே எடுத்து என் காலடியில் வைத்தார். குட்டி தூக்கி வந்த இளைஞன் அடுத்து வந்து நின்றான். பிறகு ஒவ்வொருவராக, ஒன்பது பேரும். அந்த அம்மா யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இந்தக் கூத்துக்குத்தான் இம்புட்டு ஆம்பிளைகளும் காலையிலருந்து வெயில்ல நின்னீகளாக்கும் என்று கேட்டார். அப்போதுதான் அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

ஆறே கால் மணிக்கு ஜீப் வந்தது. பாலத்தடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேப்டனுக்குக் குழப்பம். எதிரியும் வரவில்லை, துரத்துகிறவர்களும் வரவில்லை. தேடிக்கொண்டு வந்தவர் கண்டது, கண்மாய்க்கரையில் கார்டு, போலீஸ், தொண்டர், எதிரி எல்லாரும் கலந்து உட்கார்ந்து அந்த அம்மாவின் கம்மஞ்சோற்றை உருண்டை உருண்டையாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வெங்காயம்தான். என் பங்குக்கு இரண்டு உருண்டை கிடைத்தது.

அவர் எதுவும் கேட்பதற்கு முன்னால், முதலில் ஜீப் வேண்டும் ஐயா, ஓர் ஆட்டை அழைத்துவர வேண்டும் என்றேன். ஜீப்பில் கார்டு போனார். தன் ஆட்டைத் தானே பார்த்து வாங்க வேண்டும் என்று அந்த அம்மாவும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். வெளிச்சம் முழுதாகப் போவதற்குள் திரும்பிவிட்டார்கள். தாயாடு ஜீப்பிலிருந்து குதித்த வேகத்தையும் குட்டிகள் இரண்டும் மடியில் முட்டிய வேகத்தையும் கண்டு, சுபேதார் கைதட்டினார். சந்தை பக்கத்தில்தான், மந்தைகள் அய்யலூர் பார்த்து நகர்ந்தன.

நான் நடந்ததை ஒன்றுவிடாமல் கேப்டனிடம் சொன்னேன். நான் எண்ணாத நாற்பத்தேழையும் சேர்த்து. சொல்லும்போது எங்கள் ஆட்கள் இருபத்தொரு பேரும் என் பின்னால் வரிசையாக வந்து நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

கேப்டன் முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தான் அசாம் பக்கத்து மலைகளில் நிஜமான கலகக்காரர்களைத் தேடிப் போன கதையைச் சுருக்கமாகச் சொன்னார். அங்கேயும் மூன்று தரப்பு. ஒரு மேட்டில் இருப்பது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல எல்லாருக்கும் கௌரவக் குறைச்சல். எதிரி என்று நினைத்துச் சுட்டார்கள். அங்கே இருந்தவர்கள் சொந்த ஆட்கள்.

“ரெண்டு பேர் போயிட்டாங்க. யாராவது ஒருத்தர் உங்கள மாதிரி எனக்குத் தெரியாதுன்னு வாயத் திறந்திருந்தா, ரெண்டு பேரும் இன்னைக்கு வீட்ல இருந்திருப்பாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். படை நீடிக்கும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூடவே ஓர் உத்தரவும் போட்டார். இனி மூன்று தரப்புக்கும் ஒரே நோட்டு, அதில் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு ‘தெரியாது’. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நோட்டைத் திருப்பி அனுப்புவேன் என்றார். முடி திருத்துபவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது.

அதற்குப் பிறகு எங்கள் படை பல வருஷம் இருந்தது. திருவிழாக்கூட்டம், வெள்ளம், தீ விபத்து என்று எத்தனையோ வேலை போலீஸாரோடும் வனத்துறையோடும் சேர்ந்து செய்தோம். ஒவ்வொரு முறையும் முதலில் அந்தக் கடைசிக் கட்டத்தை உட்கார்ந்து நிரப்பினோம். ஏட்டு நிரப்புவதைப் பார்த்தால் எனக்குத் துணிச்சல் வரும். என்னுடையதைப் பார்த்து அவருக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்றும் நான் எல்லாவற்றையும் எண்ணுகிறேன். மாத்திரையை, மாடிப்படியை, பேரப்பிள்ளைகள் போனில் பேசுகிற நிமிஷங்களை. ஆனால் எண்ணாததை எண்ணியதாகச் சொல்ல நாக்கு எழும்போதெல்லாம், பால் கிடைக்காமல் கத்திய அந்த இரண்டு குட்டிகளின் நினைவு வந்துவிடுகிறது. உடனே, எண்பத்தெட்டு வயதுக்குரிய வெட்கத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுகிறேன்.